ரஸ்க் டப்பா நிறையத் தப்புகள்

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது ஒரே ஒரு சீட்டில் இருக்கிறது. அந்தச் சீட்டு ஒரு ரஸ்க் டப்பாவில் இருக்கிறது. டப்பா என் அலமாரியில், புடவைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதுவே போதும்.

தப்பு என்றால் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் தப்பு, பிறர் தப்பு என்ற பேதமெல்லாம் கிடையாது. யாராவது எதையாவது சொதப்பிவிட்டால் போதும், கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். "சக்கத் தப்புங்க இது! எப்படிப் பண்ணீங்க? முதல்லேர்ந்து சொல்லுங்க." 'சக்கத்' என்றால் கன்னடத்தில் பிரமாதம். கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மாதம் ஆன பிறகுதான் தெரிந்தது, மனுஷன் நிஜமாகவே கேட்கிறார்.

ஆபீஸ் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்தது. கீழே பேக்கரி. முதல் மாடியில் நாங்கள் ஐந்து பேர். இரண்டாம் மாடி முழுக்க எங்கள் மேனேஜரும் அவருடைய பெரிய மேஜையும். காலை பத்து மணிக்குப் பன் வேகும் வாசனை படியேறி வரும். அதன்பின் ஒரு மணி நேரம் யாருக்கும் வேலை ஓடாது. இது தொண்ணூறுகளின் கடைசி. நான் திருப்பத்தூரிலிருந்து இந்தக் கன்னட நகரத்துக்கு வந்து ஈஜிபுராவில் அம்மாவோடும் தம்பியோடும் குடியிருந்தேன். தம்பி படித்துக்கொண்டிருந்தான், அம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டில் மூன்று பேரும் என் ஒரு வேலையை நம்பித்தான் இருந்தோம்.

அவர் அதே நகரத்தில், ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். பேசுவது சுத்தமான தமிழ், ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. தமிழைக் கன்னட எழுத்தில் எழுதுவார். என்னைவிட இரண்டு வயது சின்னவர், ஆனாலும் கடைசிவரை இருவரும் 'நீங்க' போட்டுத்தான் பேசிக்கொண்டோம்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு பார்ஸர் ஜெனரேட்டர். ஒருவர் எழுதிய ப்ரோக்ராமைக் கம்ப்யூட்டர் ஓட்டுவதற்கு முன்னால், அதை வாசித்து எது எதோடு சேரும் என்று பிரித்துக் கொடுக்க ஒன்று வேண்டும். அது பார்ஸர். ஒவ்வொரு மொழிக்கும் அதைக் கையால் எழுதினால் மாதக்கணக்கில் ஆகும். மொழியின் விதிகளை மட்டும் கொடுத்தால் பார்ஸரைத் தானே எழுதித் தருவது பார்ஸர் ஜெனரேட்டர். இதை அம்மாவிடம் ஒருமுறை விளக்கினேன். அம்மா யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ நீ சப்பாத்தி சுடலை. சப்பாத்தி மிஷினும் செய்யலை. சப்பாத்தி மிஷின் செய்யற மிஷினு செய்யறே."

"ஆமாம்மா."

"அதுக்கு நேரா ரெண்டு சப்பாத்தி சுட்டுட்டுப் போலாமே."

அந்த ஜெனரேட்டரை நாங்கள் லைப்ரரி என்போம். அதன் வடிவமைப்பு முழுக்க அவருடையது. ஒரு ஃபங்ஷனல் மொழியில் எழுதியிருந்தார். அந்தக் குடும்பத்து மொழிகளில் ஒன்றுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டால் பிறகு அழித்து வேறு எழுத முடியாது. புதிதாக இன்னொன்றைத்தான் செய்துகொள்ள வேண்டும். அழித்து அழித்து எழுதியே பழகியிருந்த எனக்கு அது பெரிய தொல்லை. அவருக்கோ அது இயல்பாக இருந்தது. நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும் என்பதுதான் அவர் குணம்.

வடிவமைப்பில் பாதிக்குமேல் தப்புக்காகவே செய்திருந்தார். மற்ற பார்ஸர்கள் எல்லாம் ஓரிடத்தில் பிழை வந்தால் 'பிழை' என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடும். இவருடையது, எந்த வரியில், எதற்கு அடுத்து, என்ன வரும் என்று எதிர்பார்த்தோம், அதற்குப் பதிலாக என்ன வந்தது என்று பொறுமையாகச் சொல்லும். சொல்லிவிட்டு மிச்சத்தையும் படிக்கும். இதற்கு எதற்கு இத்தனை வாரம் என்று மேனேஜர் கேட்டபோது அவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. "தப்புன்னு மட்டும் சொல்றதுக்கு ஒரு ப்ரோக்ராம் எதுக்கு சார்? அதுக்கு எங்க மாமாவே போதும்."

சாப்பாட்டு நேரத்திலும் இதே கதைதான். தெருமுனை தர்ஷினி ஹோட்டலில் மசால் தோசை கேட்டார், தட்டில் வடை வந்தது. நானாக இருந்தால் ஒரு சத்தம் போட்டிருப்பேன். இவர் வடையைத் தின்றுகொண்டே உள்ளே போய்க் கால்மணி நேரம் விசாரித்துவிட்டு வந்தார். பதினொரு மணிக்குமேல் தோசை டோக்கன் தீர்ந்தால் வடை டோக்கனையே பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுப்பார்களாம். அன்றைக்குக் கவுன்ட்டரில் புது ஆள், கோடு போட மறந்துவிட்டார். "எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க! யார் மேலயும் குத்தமில்ல, ஆனா வடை வந்துடுச்சு." அவர் தோசை கடைசிவரை வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அன்றைக்கென்று பார்த்து அம்மா சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். வாயில் வைக்க முடியவில்லை. அம்மாவுக்கு அழுகை வராத குறை. இவர் சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டு, "ஆன்ட்டி, முதல் உப்புப் போட்டதும் எங்க போனீங்க?" என்று ஆரம்பித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அம்மா சொல்ல ஆரம்பித்துவிட்டாள். காஸ்காரர் வந்தது, வாசலுக்குப் போனது, திரும்பி வந்தபோது உப்பு டப்பா திறந்தே இருந்தது, அதனால் இன்னும் போடவில்லை என்று நினைத்தது. "அவ்ளோதான் ஆன்ட்டி. போட்டதும் டப்பாவை மூடிடுங்க. மூடியிருந்தா போட்டாச்சு, திறந்திருந்தா போடல." அம்மா அன்றிலிருந்து அப்படித்தான் செய்தாள். அவர் போன பிறகு சொன்னாள்: "தப்பைக் குத்திக் காட்டறவங்களைப் பாத்திருக்கேன்டி. தப்பைக் கொஞ்சறவனை இப்பத்தான் பாக்கறேன்."

ஆபீஸில் ஒவ்வொரு தப்பையும் ஒரு சீட்டில் எழுதி, கீழே பேக்கரியில் கேட்டு வாங்கிய தகர ரஸ்க் டப்பாவில் போட்டுவைப்பார். மேல் வரியில் செய்தவர் பெயர். நடுவில் தப்பு. அடியில் ஏதோ ஒரு வரி. எல்லாம் கன்னட எழுத்து, எனக்குப் படிக்கத் தெரியாது. பிறகு அந்தத் தப்பு மறுபடி வராமல் பார்க்க ஒரு டெஸ்ட் எழுதி, அதற்கு அந்த ஆளின் பெயரையே வைப்பார். தினமும் காலையில் டெஸ்ட்டுகளை ஓட்டினால் எங்கள் பெயர்களெல்லாம் வரிசையாகத் திரையில் ஓடும். எங்களோடு வேலை செய்த கோலார்ப் பெண்ணுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒருநாள் தன் சீட்டைக் கிழித்தே போட்டாள். அவர் கோபிக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி மறுபடி உள்ளே வைத்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளூர உதறல்தான். ஒருவர் நம் தப்புகளை டப்பாவில் சேர்த்துவைக்கிறார் என்றால் யாருக்குத்தான் நிம்மதியாக இருக்கும்?

அந்த உதறல் வீண்போகவில்லை. வெளிநாட்டுக் கிளையன்ட் திடீரென்று மொழியை மாற்றினார். லைப்ரரி முழுவதையும் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மொழிக்குப் பெயர்த்துத் தர வேண்டும். ஐந்து பேரும் பிரித்துக்கொண்டோம். பார்ஸர் தான் படித்ததை அடுக்கிவைத்து எடுக்கும் பகுதி என் தலையில் விழுந்தது. தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதுபோலத்தான் அது. எடுக்கும்போது கடைசியாக வைத்தது முதலில் கைக்கு வரும். ஆகவே எடுத்ததும் ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். கணக்குக் குறிகளுக்கு மட்டும் வேகமாக ஓடட்டும் என்று நான் ஒரு குறுக்குவழி எழுதினேன். டெஸ்ட்டெல்லாம் தேறியது. சோதனைப் பிரதியைக் கிளையன்ட்டுக்கும் அனுப்பியாகிவிட்டது.

அடுத்த வாரம்தான் அந்தச் செய்தி வந்தது. ஊரெல்லாம் கம்பெனிகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம். ஐந்து பேரில் ஒருவரை அனுப்ப வேண்டியிருக்கும், வெள்ளிக்கிழமை முடிவு என்று மேனேஜர் சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டார்.

அதற்கு மறுநாள் காலை சும்மா ஒரு வரி அடித்துப் பார்த்தேன். பத்துக் கழித்தல் நான்கு. ஆறு வர வேண்டும். மைனஸ் ஆறு வந்தது.

எழுதியதை வரி வரியாகப் பார்த்தேன். குறுக்குவழியில் நான் திருப்பிப் போடவே இல்லை. நான்கிலிருந்து பத்தைக் கழித்துக்கொண்டிருந்தது. எங்கள் டெஸ்ட்டில் இருந்ததெல்லாம் கூட்டலும் பெருக்கலும்தான். அவற்றை முன்பின்னாக மாற்றினாலும் விடை மாறாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் கத்தும் கம்பைலர் என்ற ப்ரோக்ராமும் கத்தவில்லை, இரண்டு பக்கமும் எண்கள்தானே. நான் வாயை மூடிக்கொண்டு, திருப்பிப் போடும் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அரைமணி நேரம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். பிறகு, கிளையன்ட் கையில் இருக்கும் பிரதி தப்பாகக் கழித்துக்கொண்டிருக்குமே என்ற நினைப்பு விடவில்லை. எழுந்து போய் அவரிடம் சொன்னேன்.

அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "அய்யோ, என்ன அழகுங்க! கூட்டல்ல ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு!" எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். கிளையன்ட்டுக்கும் உடனே ஒரு மெயில் போட்டார். தாங்கள் இன்னும் கழித்தல் வரைக்கும் வரவில்லை, நன்றி என்று அங்கிருந்து பதில் வந்தது. பிறகு உட்கார்ந்து சீட்டு எழுதினார். மேல் வரியில் என் பெயர்.

வியாழக்கிழமை மாலை மேனேஜர் படியிறங்கி வந்து, "நாளைக்கு அந்த ரஸ்க் டப்பாவை மேல கொண்டு வாங்க. அதுல எல்லாம் பேரு போட்டு எழுதியிருக்கு, இல்லையா? யாருக்கும் அன்யாயம் ஆகாம முடிவு பண்ணலாம்" என்றார்.

எல்லாரும் கிளம்பும்வரை காத்திருந்தேன். அவர் மேஜைக்குப் போனேன்.

"என் சீட்டை எடுத்துடுங்க. எல்லாத்தையும் வேணாம். அந்தக் கழித்தல் ஒண்ணு மட்டும்."

"முடியாதுங்க."

"என்னப்பா முடியாது? வீட்ல மூணு பேர் இந்த வேலையிலதான் சாப்பிடறோம். எங்க அம்மா கையால சாப்பிட்டிருக்கீங்க நீங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. டப்பா மூடியைத் திறந்தார், மறுபடி மூடினார். "அதை எடுத்துட்டா, நீங்க கண்டுபிடிச்சதும் சேந்து போயிடும்ங்க" என்றார்.

என்ன உளறுகிறார் என்று தோன்றியது. இவரிடம் போய்ச் சொன்னேனே என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து பேரும் மேல் மாடியில் பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். மேனேஜர் மைசூர்க்காரர். எங்களோடு பழகியதில் தமிழ் பேச வந்துவிட்டது, கன்னட எழுத்தும் அவருடையது. எழுதியவரையும் கோலார்ப் பெண்ணையும் விட்டால் அந்தச் சீட்டுகளைப் படிக்கக்கூடிய ஆள் மேனேஜர்தான். மேல் வரியைப் பார்த்துப் பார்த்து ஆளுக்கொரு குவியலாகப் போட்டார். என் குவியல்தான் பெரிது. அடுத்த குவியலைப்போல இரண்டு மடங்கு. மேஜையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜெயந்தியோடதுதான் ஜாஸ்தி" என்றார் மேனேஜர். அவருக்கும் அதைச் சொல்ல இஷ்டமில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

"சார், அடி வரியையும் படிங்க" என்றார் இவர்.

மேனேஜர் கோலார்ப் பெண்ணின் சீட்டு ஒன்றை எடுத்தார். "கண்டது, நான்." அடுத்தவருடையது. "கண்டது, நான்." பிறகு என் குவியலிலிருந்து ஒன்று. "கண்டது, ஜெயந்தி." இன்னொன்று. "ஜெயந்தி." நாலைந்து புரட்டினார். கடைசியாகக் கழித்தல் சீட்டு. "ஏன்ரீ இது, என்ன இது? செஞ்சதும் இவங்க, கண்டதும் இவங்களேவா?"

"ஆமா சார். மத்ததெல்லாம் நான் தேடி எடுத்தது. இவங்களோடது இவங்களே கையில எடுத்துட்டு வந்து கொடுத்தது. ஒண்ணுகூட நான் கண்டுபிடிக்கல. இவங்களை அனுப்பினா தப்பு குறையாது சார். தப்பு தெரியறது குறையும்."

மேனேஜர் கழித்தல் சீட்டைத் தனியாக எடுத்து வைத்தார். நான் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். கோலார்ப் பெண்தான் சன்னமாகக் கேட்டாள்: "அப்போ எங்களை?" இவர் உடனே அவள் பக்கம் திரும்பினார். அவள் ஒரு தப்பை ஒருமுறைக்குமேல் செய்ததே இல்லை, ஒவ்வொன்றும் புதுசு என்று சீட்டைக் காட்டி வாதாடினார். மற்ற இருவருக்கும் அதேபோல ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார். கேட்கக் கேட்க மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டே போனார்.

"அப்ப யாரைத்தான்ப்பா நான் அனுப்பறது?"

"என் பேர்ல ஒரு சீட்டும் இல்ல சார்" என்றார் இவர்.

என்ன திமிர் என்று அந்த நிமிஷத்திலும் எனக்குத் தோன்றியது. மேனேஜரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், சிரித்துவிட்டார். திங்கட்கிழமை பார்த்தால் பெரிய மேஜை படியில் இறங்கிக்கொண்டிருந்தது. மேல் மாடியைக் காலி செய்து வாடகையை மிச்சம் பிடித்து, யாரையும் அனுப்பாமல் சமாளித்துவிட்டார் மேனேஜர். அதன்பின் ஆறு பேரும் ஒரே அறையில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். பன் வாசனை வந்தால் இப்போது மேனேஜருக்கும் வேலை ஓடவில்லை.

கழித்தலுக்கு என் பெயரில் டெஸ்ட் வந்தது. பெயர்ப்பு வேலை முடிந்து போய்ச் சேர்ந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவர் சென்னையில் வேலை கிடைத்துக் கிளம்பினார். தமிழ் படிக்கத் தெரியாத ஆள் சென்னைக்குப் போகிறாரே, தப்பான பஸ்ஸில்தான் ஏறுவார் என்று கேலி செய்தோம். அதை நினைத்து அவருக்கே குஷியாகத்தான் இருந்தது.

கடைசி நாள் டப்பாவை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

"நீங்க வெச்சுக்கங்க. என் பேர்ல மட்டும் ஒண்ணுகூட இல்ல, பாத்தீங்களா?"

"நீங்கதான் தப்பே பண்ண மாட்டீங்களே."

"யாருங்க பண்ணாம இருப்பாங்க? நான் எழுதின ப்ரோக்ராமை யாரும் படிக்கல. அவ்வளவுதான்." சிரித்தார். அது அவருடைய வழக்கமான சிரிப்பு இல்லை.

எனக்குச் சுரீர் என்றது. உண்மைதான். எங்கள் வரிகளை அவர் படித்தார், என்னுடையதை நானும் திரும்பப் படித்தேன், அதனால்தான் டப்பா நிறைந்தது. லைப்ரரியில் அவர் எழுதிய நடுப்பகுதியை நாங்கள் யாரும் ஊன்றிப் படிக்கவில்லை. அவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று அப்படியே பெயர்த்துவிட்டோம். மேல் மாடியில் அவர் சொன்னது திமிர் இல்லை, ஏக்கம் என்று அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தும் அது தெரியாமல் போனதில் வெட்கமாக இருந்தது.

அவர் போன பிறகு இரண்டு வேலைகளை ஆரம்பித்தேன். ஒன்று, கோலார்ப் பெண்ணிடம் கன்னட எழுத்துக் கற்றுக்கொண்டேன். சீட்டுகளை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க ஒரு மாதம் ஆனது. இன்னொன்று, அவர் எழுதிய ப்ரோக்ராமை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். தினமும் எல்லாரும் வருமுன் ஒரு பன்னை வாங்கி வைத்துக்கொண்டு இருபது வரி, முப்பது வரி. மழைக்காலத்தில் தொடங்கியது. ஸ்வெட்டர் போடும் காலம் வந்துவிட்டது. அவ்வளவு நேர்த்தியாக எழுதியிருந்தார். நடுவில் பலமுறை தேடுவதை மறந்துவிட்டு ரசித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் கிடைக்காது போலிருக்கிறதே என்று அவருக்காக வருத்தப்படவும் செய்தேன்.

கிடைத்தது. எதற்கு அடுத்து என்ன வர வேண்டும் என்று அழகாகச் சொல்லுமே அந்தப் பகுதியில். ஒன்றுமே எழுதாத வெறும் ஃபைலைக் கொடுத்தால் 'எதற்கு அடுத்து' என்று சொல்ல அங்கே எதுவும் இருக்காது. இல்லாத முதல் சொல்லைத் தேடிப்போய் ப்ரோக்ராமே விழுந்துவிட்டது. எல்லாருடைய தப்புக்கும் பதில் யோசித்து வைத்திருந்த மனுஷர், ஒன்றுமே கொண்டுவராமல் வந்து நிற்கும் ஓர் ஆளை யோசிக்கவில்லை.

"சக்கத் தப்பு!" என்று கத்திவிட்டேன். அப்போதுதான் உள்ளே வந்த மேனேஜர் கையிலிருந்த டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார்.

நல்ல பேனாவாகப் பார்த்து எடுத்து, கோணல்மாணலான கன்னட எழுத்தில் சீட்டு எழுதினேன். மேல் வரியில் அவர் பெயர். நடுவில் தப்பு. அடியில், கண்டது நான். டப்பாவில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். விவரமாக ஒரு மெயில் எழுதி அவருக்கு அனுப்பினேன்.

மறுநாள் காலை பதில் வந்திருந்தது. எப்படிப் பண்ணினேன், முதல்லேர்ந்து சொல்லுங்க என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தேன். தப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. ஒரே வரிதான் இருந்தது.

"அப்போ முழுசும் படிச்சிருக்கீங்க."

ஆமாம் என்று எழுதினேன்.